எக்ஸ்சேஞ்சில் ஒரு மூடிய துண்டு

தண்ணீர் போதும் அக்கா, சாப்பாடெல்லாம் வேண்டாம். இசக்கி வரட்டும், வந்ததும் கிளம்பிவிடுவோம். விசாரணை மூன்று மணிக்கு. முக்கூடலிலிருந்து ஜங்ஷன், அங்கே ஒரு பஸ் மாறிப் பல்கலைக்கழகம். கோயிலுக்குப் போனவள் இவ்வளவு நேரமா சாமி கும்பிடுவாள்? எங்கள் அறையில் அவள் ஒரு சாமி படம்கூட ஒட்டியதில்லை. ஒட்டத்தான் வந்தாள், நான்தான் கூடாது என்றேன். அது வேறு கதை.

நீங்க பாட்டுக்குப் பீடி சுற்றுங்க. நான் பேசிக்கொண்டிருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்தால் இன்றைக்கு எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

என் பெயர் வாலண்டினா. உங்க நாத்தனார் இசக்கி சொல்லியிருப்பாளே. எங்கள் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் தொழிற்சங்கக்காரர். விண்வெளிக்குப் போன முதல் பெண்ணின் பெயரைப் பார்த்துப் பார்த்து வைத்தார். இசக்கி வந்த அன்றைக்கே அதை 'வாலு' ஆக்கிவிட்டாள். இப்போது ஹாஸ்டல் முழுக்க நான் வாலு அக்காதான். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே அறை. தகவல் தொடர்பில் முதுகலை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் யாரோ எவளோ இல்லை. அவளுடைய நன்மைக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

என்ன நடந்ததா? அப்படியானால் உங்களிடம் ஒன்றுமே சொல்லவில்லையா? பாருங்க, இதுதான் இசக்கி. விசாரணைக் கமிட்டித் தலைவரிடம் போய், "தப்பு என்னுதுதான் சார், நான்தான் செஞ்சேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் அக்கா. இன்றைக்கு அதையே கமிட்டி முன்னால் ஒருமுறை சொல்லிக் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது, சீட்டைக் கிழித்து இங்கே அனுப்பிவிடுவார்கள். படிப்பு அவ்வளவுதான். அதைத் தடுக்கத்தான் வந்திருக்கிறேன். "தப்பே நடக்கவில்லை" என்று அவள் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே யோசித்து வைத்திருக்கிறேன்.

இருங்க, முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் உங்களுக்கும் அவள் செய்தது சரியென்று தோன்றிவிடும்.

எங்கள் பல்கலைக்கழகம் ஒரு பாறை மலைக்கு அடியில் இருக்கிறது. டவர் மலைக்கு அந்தப் பக்கம். அலுவலகக் கட்டடம் வரைக்கும் எட்டும், ஹாஸ்டலுக்குள் செல்போன் வெறும் கடிகாரம்தான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு கோடு வரும். அதனால் மாடிக்கு மாடி ஒரு போன் வைத்திருந்தார்கள். இன்டர்நெட் கேபிளிலேயே பேசுகிற போன். வாசல் காவலர், வார்டன், மருத்துவ மையம் எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு கம்பெனி போட்டுக் கொடுத்தது. அந்தக் கம்பெனி போன் போனுக்குப் போன் இணைத்துவிடுகிற அந்தக் கம்பெனி எக்ஸ்சேஞ்சோடு மட்டும்தான் பேசும். வேறு போனை மாட்டினால் செத்த பிணம் மாதிரிக் கிடக்கும். ஒருநாள் லைசென்ஸ் முடிந்தது என்றார்கள், ஹாஸ்டல் போன் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துபோனது. பல்கலைக்கழகமும் புதுப்பிக்கவில்லை. பெண்கள் ஹாஸ்டலில் போன் இல்லை அக்கா! அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை.

உங்க வீட்டு மிக்ஸியை எடுத்துக்கொள்ளுங்க. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்தச் சுவரில் செருகினால் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது? பிளக் இந்த அளவில், இந்த மாதிரி இருக்க வேண்டும் என்று எல்லாரும் உட்கார்ந்து பேசி, ஊரறிய எழுதி வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், யார் வேண்டுமானாலும் அதன்படி செய்யலாம். அதைத்தான் திறந்த தரம் என்கிறோம். போன் பேசுவதற்கும் அப்படி ஒன்று இருக்கிறது. அதன்படி செய்த எந்தப் போனும் எந்தப் போனோடும் பேசும். இதை நான் ரெஜிஸ்திரார் அறையிலேயே போய்ச் சொன்னேன். சண்டை போட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்க.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க எந்த டிபார்ட்மென்ட்டும்மா?" என்றார்.

"அது முக்கியமில்லை சார். என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க."

"கேள்வியா? அரை மணி நேரமா நீங்க கேள்வியே கேக்கலியேம்மா. பிரசங்கம்ல நடக்குது."

என் பின்னால் நின்ற இசக்கி, "சார், மூலையில கெடக்குற பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு குடுங்க சார். போன் அடிக்க வச்சிருதோம்" என்றாள். உடனே ஆளைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டார். வாதத்துக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது பாருங்க! அரை மணி நேரம் நான் அவரை அசைத்து அசைத்து வைத்திருக்காவிட்டால் இவள் கேட்டதும் கொடுத்திருப்பாரா?

அந்தக் கம்ப்யூட்டரில்தான் எங்கள் எக்ஸ்சேஞ்சை உண்டாக்கினோம், கம்பெனிப் போன்களைக் கழற்றிவிட்டுத் திறந்த தரத்துப் போன்களை மாட்டினோம். எல்லாமே திறந்த மென்பொருள், யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். வேலையைச் சமமாகத்தான் பிரித்துக்கொண்டோம். கேபிள் இழுப்பது, முனை கட்டுவது, ஸ்விட்ச் மாட்டுவது, எலி கடித்த இடத்தைத் தேடிப் பிடிப்பது, கம்ப்யூட்டரில் எழுத வேண்டியதை எழுதுவது அவள். கொள்கை என்னுடையது. எந்த வேலைக்கும் கொள்கைதானே அடிப்படை? மாடிப்படியில் உட்கார்ந்து நான் படித்துக் காட்டுவேன், அவள் பல்லில் ஒயரைக் கடித்துக்கொண்டே "ம்… ம்…" என்பாள்.

முதல் மணி அடித்த அன்றைக்குப் பிள்ளைகள் போட்ட கூச்சலை நீங்க கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் மாடிக்காரிகள் முதல் மாடிக்குப் போன் போட்டு, "ஏட்டி, மெஸ்ல இன்னைக்கும் சுரைக்காயா?" என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரு சிரிப்பு. இசக்கி போனைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் எல்லாரையும் கூட்டி நிறுத்தித் திறந்த தரம் என்றால் என்ன என்று விளக்கினேன். பாதிப் பேர் நடுவிலேயே போய்விட்டார்கள், அது வேறு விஷயம்.

மணி என்ன ஆகிறது அக்கா? இன்னும் வரவில்லையே. இருங்க, ஒரு போன் போடுகிறேன்.

மணி அடிக்கிறது. எடுக்கவில்லை. ஒரு வாரமாக இப்படித்தான். பச்சை நிறத்தில் ஊரே வைத்திருக்கிறதே ஒரு ஆப், அதை நான் அழித்துவிட்டேன். அது மூடிய பெட்டி, என் கொள்கைக்கு ஒத்துவராது. நான் வைத்திருப்பது திறந்த தரத்தில் ஓடுகிற வேறொன்று. நியாயமாகப் பார்த்தால் எல்லாரும் இதற்கு மாறியிருக்க வேண்டும். எங்கள் அம்மாகூட மாறவில்லை. இசக்கி ஒருத்திதான் மாறினாள். "உன் ஒருத்திக்காண்டி ஒரு ஆப்பு வச்சிருக்கேன் வாலு, ஒழுங்கா இருந்துக்கோ" என்பாள். இப்போது அதிலும் எடுப்பதில்லை, சாதாரண நம்பரிலும் எடுப்பதில்லை.

நீங்க ஏதோ சொல்ல வந்தீர்கள். இருங்க, இதை முடித்துவிடுகிறேன். முக்கியமான இடமே இனிமேல்தான்.

மருத்துவ மையத்தில் மட்டும் அந்தக் கம்பெனியின் பழைய போன் பெட்டியே இருந்தது. அது வேறு துறையின் சொத்தாம், லைசென்ஸும் தனியாம், தொடக் கூடாதாம். அந்தப் பெட்டிக்கு ஒரு பிடிவாதம். இரண்டு போன் பேசுவதற்கு முன்னால் ஒன்றையொன்று விசாரிக்கும் அக்கா. குரலைச் சுருக்கித்தானே கேபிளில் அனுப்ப வேண்டும். உனக்கு எந்தெந்த முறையில் சுருக்கத் தெரியும், எனக்கு இதெல்லாம் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு முறையாவது இருந்தால்தான் பேச்சு. அந்தப் பெட்டிக்கு அந்தக் கம்பெனியின் முறை ஒன்றுதான் தெரியும். அதிலும் ஒரு கோணல் என்னவென்றால், முதலில் மணி அடிக்கும், ஆள் எடுத்த பிறகுதான் விசாரிக்கவே ஆரம்பிக்கும். பொது முறை இல்லையென்றால் எடுத்தவுடன் அறுந்துபோகும்.

இசக்கி எங்கேயோ தேடி, அந்தக் கம்பெனி மென்பொருளிலிருந்தே ஒரு துண்டைக் கொண்டுவந்து எங்கள் எக்ஸ்சேஞ்சில் சேர்த்துவிட்டாள். நடுவில் நின்று மொழிபெயர்க்கிற துண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் படிக்க முடியாது. மூடிய துண்டு! அன்றைக்கு எங்களுக்குள் பெரிய சண்டை.

"அது செய்றது தப்பு இசக்கி. தப்பு செய்றவன் திருந்தணும். நாம ஏன் வளையணும்?"

"ஏட்டி, நர்சம்மா கையில இருக்கறது அந்தப் பெட்டிதான். அது பேசுத மாதிரி நாம பேசிட்டுப் போவோம். என்ன கொறஞ்சு போச்சு?"

"இப்படி ஆளாளுக்கு வளைஞ்சு கொடுத்தா அவனுங்க எப்பத்தான் திருந்துவாங்க?"

"அவங்க திருந்துத வரைக்கும் ஹாஸ்டல்ல ஒருத்திக்கும் காய்ச்சல் வராதாக்கும்?"

இது வாதமா அக்கா? நீங்களே சொல்லுங்க. உணர்ச்சியைத் தூண்டுகிற பேச்சு இது. வாதத்தில் இப்படிச் செய்வதற்கு ஒரு பெயரே இருக்கிறது. அவளிடமும் அதைத்தான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டாள். வாதத்தில் பாதியில் எழுந்து போவது அவள் பழக்கம். எழுந்து போனால் தோற்றதாகத்தான் அர்த்தம்.

அப்புறம் பெங்களூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. திறந்த தரங்களுக்காக வேலை செய்கிறவர்கள். மாணவர்களே கட்டிய எக்ஸ்சேஞ்ச் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வருகிறார்கள். ஒரு மாணவியைத் தேர்ந்தெடுத்து ஜெர்மனியில் நடக்கிற கூட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். உலகத்தில் போன்கள் எப்படிப் பேச வேண்டும் என்று முடிவெடுக்கிற கூட்டம் அக்கா! விண்ணப்பத்தை நான் எழுதினேன். அவளுக்கு இங்கிலீஷில் எழுத வராது, அதனால் என் பெயரில் எழுதினேன். சுவரொட்டியும் நான்தான் எழுதினேன். பெரிய எழுத்தில்: 'ஒரு மூடிய துண்டும் இல்லாத எக்ஸ்சேஞ்ச்.'

எழுதி ஒட்டிவிட்டுப் பார்க்கிறேன், எனக்கு உறுத்துகிறது. ஒரு மூடிய துண்டும் இல்லை என்று எழுதியிருக்கிறோம், உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறதே! சுவரில் ஒட்டியிருப்பது பொய்யல்லவா? சுவரொட்டியை மாற்றியிருக்கலாம் என்கிறீர்களா? ஒரு வார்த்தையைச் சேர்த்தால் வாக்கியத்தின் உயிரே போய்விடும் அக்கா. கொள்கையில் 'ஏறக்குறைய' என்று ஒன்று கிடையாது.

கம்ப்யூட்டர் இசக்கி பெயரில்தான் திறந்து கிடந்தது. போய் உட்கார்ந்தேன், அந்தத் துண்டை நீக்கினேன், எழுந்து வந்தேன். அவளிடம் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அன்றைக்குக் குழு வந்துவிட்டது, வரவேற்பு, விளக்கம், படம் எடுப்பது என்று நேரமே இல்லை. மாடிக்கு மாடி பேசிக் காட்டினோம், வாசலுக்குப் பேசிக் காட்டினோம். எல்லாம் கணீரென்று கேட்டது. மருத்துவ மையத்துக்குப் போட்டுப் பார்க்கவில்லை. அது எங்கள் போன் இல்லையே, கம்பெனிப் பெட்டிதானே. அவர்கள் அசந்துபோய்விட்டார்கள். அன்றைக்கே என் பெயரை ஜெர்மனிக்குச் சொல்லிவிட்டார்கள்.

இதில் தப்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்க பார்ப்போம்.

சரி. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட மாட்டேன். நான் எதையும் மறைக்கிறவள் இல்லை.

மத்தியானம். பாதிப் பிள்ளைகள் ஊருக்குப் போயிருந்தார்கள். முதலாண்டுப் பெண் ஒருத்தி, பிரமிளா என்று பெயர், தென்காசிப் பக்கம். ஆஸ்துமா உண்டு. கையில் வைத்திருக்கும் மருந்து தீர்ந்திருக்கிறது. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், மூச்சு இழுக்கிறது, உதடு நிறம் மாறுகிறது. பிள்ளைகள் போனை எடுத்து மருத்துவ மையத்துக்குப் போட்டார்கள். மணி அடித்தது. நர்ஸ் எடுத்தார். அறுந்துபோனது. மறுபடி போட்டார்கள், மறுபடி எடுத்தார், மறுபடி அறுந்தது. திரும்பத் திரும்ப இப்படியே. யாரோ பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நர்ஸ் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நர்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெட்டியைத்தான் சொல்வேன்.

நான் அப்போது மொட்டை மாடியில் தொட்டியைப் பிடித்துக்கொண்டு ஜெர்மனிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். கீழே ஏதோ சத்தம் கேட்டது. ஓடி வந்து பார்த்தால் இசக்கி அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். செருப்புகூட இல்லை. வெயில். மையம் அந்தக் கோடியில் இருக்கிறது. நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே, "போன்ல சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை அக்கா.

பெண் பிழைத்துவிட்டாள். ஊசி போட்டு, ஜங்ஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், தீவிர சிகிச்சையில் இருந்து, இப்போது நன்றாக இருக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், நான் விசாரித்தேன். அவளுடைய அப்பா வந்து வார்டன் மேசையைக் குத்திவிட்டுப் போனார். அதிலிருந்துதான் கமிட்டி. கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். துண்டு நீக்கப்பட்டது இசக்கி பெயரில் என்று இருந்தது.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் உடனே, "ஆமா சார், நான்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்! ஒரு வார்த்தை என்னைக் கேட்டாளா? அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து காலில் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"என்ன காரியம் பண்ணிட்டு வந்திருக்கே? தப்புன்னு ஒத்துக்கிட்டா திறந்த தரமே தப்புன்னு ஆயிரும். நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் வந்து, பாருங்க, எங்க பெட்டி இருந்தா இப்படி நடக்குமான்னு கேப்பான்."

"கேக்கட்டும்."

"கொள்கையை வித்துட்டியேடி!"

அவள் நிமிரவே இல்லை. "நீ ஜெர்மனிக்குப் போயிட்டு வாட்டி. விசாரணையில ஒம் பேரு இருந்தா விட மாட்டாங்க. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எப்படிக் குத்துகிறாள் பாருங்க! ஜெர்மனிக்குப் போயிட்டு வாட்டி! எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை என்ற எரிச்சல். மனசுக்குள் இருந்திருக்கிறது, அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. நான் வெளிப்படையாகவே கேட்டேன், "பொறாமையா?" என்று. அவள் மருந்து டப்பாவை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். அதிலிருந்து போன் எடுப்பதில்லை.

என்னக்கா, கை நின்றுவிட்டது? இலை காய்ந்துவிடப் போகிறது.

என்ன கேட்டீர்கள்?

அப்ப நீக்கினது யார் என்றா? கேள்வியே அது இல்லை அக்கா. கமிட்டியும் இதே தப்பைத்தான் செய்கிறது. நீக்கியது யார் என்று கேட்டால் ஒரு ஆளின் பெயர்தான் பதிலாக வரும். அந்தப் பெட்டியை அப்படிச் செய்தது யார்? அதை மாற்றக் கூடாது என்றது யார்? லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விட்டது யார்? இதையெல்லாம் கேட்க வேண்டும்.

இல்லை, மறுக்கவில்லை. விரல் என்னுடையதுதான். இப்போது உங்களிடம் நானே சொன்னேனே. என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவர்களிடமும் சொல்லியிருப்பேன். அவர்கள் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் எப்படிப் பதில் சொல்வது? போய்ச் சொல்லலாம்தான். ஆனால் சும்மா போய், "நான்தான்" என்று நின்றால் அது தனி ஆள் தப்பாகப் போய்விடும். பிரச்சினை அமுங்கிவிடும். இவளும் வந்து, இரண்டு பேருமாக நின்று, தப்பு யாருடையதும் இல்லை, அந்தப் பெட்டியுடையது என்று வாதாடினால்…

யாருக்குப் போன் போடுகிறீர்கள்?

இசக்கி அண்ணனுக்கா? அண்ணன் ஆலைக்குப் போயிருப்பதாகச் சொன்னீர்களே. என்ன, அண்ணன் பல்கலைக்கழகத்திலா இருக்கிறார்? எதற்கு? இருங்க, இருங்க. விசாரணை நடந்துகொண்டிருக்கிறதா? மூன்று மணிக்கு அல்லவா? முன்னாலேயே மாற்றிவிட்டார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லையே!

அப்படியென்றால் கோயில்?

அவள்தான் அப்படிச் சொல்லச் சொன்னாளா? விடிந்ததும் அண்ணனோடு முதல் பஸ்ஸில் போய்விட்டாளா? நான் எப்படியும் வருவேன் என்று அவளுக்குத் தெரியுமா? வந்தால் சாப்பாடு போட்டு உட்கார வைக்கச் சொன்னாளா? எதற்கக்கா?

"அவ அங்கன வந்தா சும்மா இருக்க மாட்டா, வாயக் குடுத்து ஜெர்மனியக் கெடுத்துக்கிடுவா." அப்படியா சொன்னாள்? அப்படியேவா?

சரி. அப்புறம் ஏன் இப்போது போன் போடுகிறீர்கள்? அவள் சொன்னபடி நீங்களும் பேசாமல் இருந்திருக்கலாமே.

உங்க வீட்டுப் பிள்ளை படிப்புப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்கிறீர்கள். நியாயம்தான். நான் எங்கே இல்லை என்றேன்? நானும் அதற்காகத்தானே வந்திருக்கிறேன்.

என்ன, என்னிடமா? அண்ணன் போனை உள்ளேயே கொண்டுபோய்விட்டாரா? கமிட்டி முன்னாலா? ஸ்பீக்கரிலா போட்டிருக்கிறார்கள்? 'நான்தான் எடுத்தேன்', அதைச் சொன்னால் போதுமா? சொல்கிறேன் அக்கா. சொல்லாமல் என்ன? கொடுங்க.

ஹலோ. ஆமாம் சார், வாலண்டினாதான் பேசுகிறேன். வணக்கம் சார். எல்லாருக்கும் வணக்கம். கேட்கிறது சார், தெளிவாகக் கேட்கிறது. ஆமாம் சார், இது சம்பந்தமாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால், கமிட்டி எடுத்துக்கொண்டிருக்கிற கேள்வியையே நான் ஆட்சேபிக்கிறேன் சார். நீக்கியது யார் என்று கேட்பது… இல்லை சார், வருகிறேன். விஷயத்துக்குத்தான் வருகிறேன். எந்தச் சூழ்நிலையில் என்று தெரியாமல் வெறும்… இல்லை சார், ஆமாம், இல்லை என்று பதில் சொல்கிற விஷயம் இல்லை இது. திறந்த தரம் என்றால் என்ன என்று கமிட்டிக்கு யாராவது விளக்கினார்களா? இசக்கி, நீ குறுக்கே பேசாதே, நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அல்லவா? நீ சும்மா இரு. சார், ஒரே நிமிஷம் சார், அந்தப் பெட்டி எடுத்தவுடன்…

ஹலோ?

ஹலோ? சார்?

அறுந்துவிட்டது அக்கா. சிக்னலா? கோடெல்லாம் முழுசாக நிற்கிறதே.

இன்னொரு தடவை போடுங்க. நீங்க போட்டால்தான் எடுப்பார்கள். அடுத்து அதைத்தான் சொல்ல வந்தேன். அடுத்த வாக்கியம் அதுதான் அக்கா, வாய்வரைக்கும் வந்துவிட்டது. நீங்களே கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள். கொஞ்சம் விளக்காமல் எப்படிச் சொல்வது? அக்கா, போனை ஏன் பீடிச் சுளகுக்கு அடியில் வைக்கிறீர்கள்? போடுங்க அக்கா.

இருங்க. என் போன் அடிக்கிறது. இது அந்த ஆப்தான். இதில் என்னைக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான் இருக்கிறாள். பார்த்தீர்களா, கூப்பிட்டுவிட்டாள்! இசக்கி! கேளு இசக்கி, நான் சொல்ல வந்ததை அவர்கள் முழுசாக…

ம்.

ம்.

வைத்துவிட்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு வாலு. மைனிகிட்ட வாங்கிச் சாப்பிட்டுட்டுப் போ." அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.

இல்லை, எழுந்திருக்காதீர்கள், தட்டெல்லாம் எடுக்க வேண்டாம். எனக்குப் பசியில்லை. பஸ் எத்தனை மணிக்கு அக்கா? நேரில் போய்ச் சொல்லலாம் அல்லவா? கையெழுத்துப் போட்டால் என்ன, நேரில் போய்ச் சொன்னால் கேட்டுத்தானே ஆக வேண்டும்? நான் நேராகவே சொல்லிவிடுவேன், முதல் வார்த்தையே அதுதான். அதாவது, அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு வரி மட்டும் சொல்லிவிட்டு…

போதும் அக்கா, சோறு போதும்.

ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்? இவ்வளவு நேரம் நான் மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். திட்டவாவது திட்டுங்க. நான் கேட்டுக்கொள்கிறேன், குறுக்கே பேச மாட்டேன்.

அக்கா.

ஏதாவது பேசுங்க அக்கா.